பார்வைக் குறைபாட்டை உங்கள் திரையிலேயே உருவாக்கிச் சோதிப்பது எப்படி? டெவலப்பர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பஸ் டிக்கெட் போடும் ஆப் ஒன்றில் இருக்கைப் படம் வரையும் வேலை எனக்கு வந்தது. காலி இருக்கை வெளிர் பச்சை, புக் ஆனது சாம்பல், பெண்களுக்கு ஒதுக்கியது இளஞ்சிவப்பு. எல்லோரும் செய்வதுதான். வெளியிட்ட இரண்டாவது வாரத்தில் ஒரு பயணி எழுதியிருந்தார்: "எந்த சீட்டைத் தொட்டாலும் புக் ஆகிவிட்டது என்கிறது, இல்லையென்றால் பெண்களுக்கு மட்டும் என்கிறது. எது காலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" பச்சையாக இருப்பதைத் தொடுங்கள் என்று எங்கள் பக்கத்திலிருந்து பதில் போனது. அதற்கு அவர் மறுபடி எழுதவே இல்லை. சந்தேகம் வந்து குரோமில் ஒரே ஒரு ஆப்ஷனை மாற்றிப் பார்த்தேன். 36 இருக்கையும் ஒரே மங்கிய சாம்பலில் வரிசையாக நின்றன.

அந்த ஆப்ஷன் உங்கள் கணினியிலும் இப்போதே இருக்கிறது. காசு செலவில்லை, தனியாக எதையும் வாங்க வேண்டாம். ஒரு நாள் ஒதுக்கினால் கீழே சொல்லியிருக்கும் எல்லாவற்றையும் ஒரு சுற்று முடித்துவிடலாம். அருகில் பார்ப்பதிலோ தூரத்தில் பார்ப்பதிலோ ஏதோ ஒரு குறையோடு உலகில் குறைந்தது 220 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கை சொல்கிறது. அதில் முழுமையாகப் பார்வை இல்லாதவர்கள் சிறு பகுதிதான். வெள்ளெழுத்து, கண்புரை, சர்க்கரை நோயால் விழித்திரை பாதிப்பு, கண் அழுத்த நோய் என்று நம் வீட்டிலும் தெருவிலும் இருப்பவர்கள்தான் மற்றவர்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல எண்ணத்தோடு வருபவர்கள்கூடத் தவறுகிறார்கள். இந்தச் சோதனை உங்கள் திரையில் இருக்கும் பிழையைக் காட்டும். பார்வை இல்லாதவரின் வாழ்க்கையைக் காட்டாது. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் தடுமாறுபவருக்குக் கிடைப்பது பழக்கமில்லாதவரின் முதல் பத்து நிமிட அனுபவம் மட்டுமே. அமெரிக்க உளவியலாளர் ஏரியல் சில்வர்மன், அவரும் பார்வையற்றவர், இன்னும் இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்து 2015இல் எழுதினார்: கண்ணைக் கட்டிச் சில வேலைகளைச் செய்யவைத்த பிறகு, அப்படிச் செய்யாதவர்களைவிட அவர்கள் பார்வையற்றவர்களின் திறமையைக் குறைவாக மதிப்பிட்டார்கள். அதனால் கண்ணைக் கட்டும் விளையாட்டு நமக்கு வேண்டாம். உங்கள் டீமில் யாராவது "ஐயோ பாவம், எப்படித்தான் சமாளிக்கிறார்களோ" என்று சொல்ல ஆரம்பித்தால் பேச்சைத் திரும்பப் பிழை டிக்கெட் எண்ணுக்கும் கோட் வரிக்கும் கொண்டுவந்துவிடுங்கள்.

படி 1: ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பக்கம் பக்கமாகச் சோதிக்காதீர்கள், சலித்துவிடும், பாதியில் விட்டுவிடுவீர்கள். பயனர் உங்கள் ஆப்புக்கு எதற்காக வருகிறாரோ அந்த ஒரு வேலையை எடுங்கள். எங்களுக்கு அது "நாளை இரவு சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு ஜன்னலோர இருக்கை எடுத்துப் பணம் கட்டுவது". ஆரம்பம் முதல் கடைசி வரை அதே வேலையை ஒவ்வொரு படியிலும் திரும்பச் செய்யுங்கள். எங்கே நின்றீர்கள், எங்கே ஊகித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். ஊகித்த இடங்கள்தான் முக்கியம், ஏனென்றால் ஆப்பை எழுதியவர் நீங்கள், பட்டன் எங்கே இருக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியும். அதனால் முடிந்தால் இந்தப் பக்கத்தில் வேலை செய்யாத இன்னொருவரைச் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

படி 2: நிறத்தை எடுத்துவிடுங்கள்

குரோமிலோ எட்ஜிலோ எஃப்12 அழுத்தி டெவ்டூல்ஸைத் திறங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைப் பெட்டி வரும், அதில் ஆங்கிலத்தில் ரெண்டரிங் என்று அடித்து, ஷோ ரெண்டரிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் பலகத்தில் கீழே இறங்கிக்கொண்டே போனால் எமுலேட் விஷன் டெஃபிஷியன்சீஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அக்சசிபிலிட்டி பலகத்தில் சிமுலேட் என்ற பெயரில் இதே வசதி உண்டு.

முதலில் டியூட்டரனோப்பியா, அதாவது பச்சை உணர்வு இல்லாத நிலை. பிறவியிலேயே வரும் நிறக் குறைபாடுகளில் சிவப்பு, பச்சை சம்பந்தப்பட்டவைதான் மிகப் பெரும்பான்மை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கே அதிகம் வருகிறது: வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் சுமார் 0.5 சதவீதம். இந்த ஒரு ஆப்ஷனில்தான் என் இருக்கைப் படம் மாட்டியது. வெளிர் பச்சை, இளஞ்சிவப்பு, சாம்பல் மூன்றும் இந்தக் கண்ணுக்கு ஒரே குடும்பம்.

அடுத்து புரோட்டனோப்பியா, அதாவது சிவப்பு உணர்வு இல்லாத நிலை. இதில் சிவப்பு வேறு நிறமாகத் தெரிவதோடு மிகவும் இருட்டாகவும் தெரியும். டார்க் மோடில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி காட்டுகிறீர்களா? இந்த ஆப்ஷனைப் போட்டுவிட்டுத் தேடிப் பாருங்கள். "கார்டு எண் தவறு" என்ற வரி இருட்டுக்குள் கிடக்கும்.

டிரைட்டனோப்பியா, அதாவது நீல உணர்வு இல்லாத நிலை, பிறவியில் அரிது, ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதும். எந்த நிறமும் தெரியாத அக்ரோமட்டாப்சியா அதைவிட அரிது, அதோடு உண்மையில் அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், பார்வைக் கூர்மையும் குறைவாக இருக்கும், அதையெல்லாம் இந்த ஆப்ஷன் காட்டாது. ஆனாலும் திரையை முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதால், நிறத்தை மட்டும் நம்பி நீங்கள் எதையெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள் என்று ஒரே பார்வையில் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நேரம் குறைவாக இருந்தால் இதையும் டியூட்டரனோப்பியாவையும் மட்டும் செய்யுங்கள்.

திருத்தம் என்ன? நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், நான் இரண்டு நாள் அப்படி வீணாக்கினேன். எல்லாக் கண்ணுக்கும் ஒத்துப்போகும் மூன்று நிறம் தேடுவதைவிட, நிறத்தோடு இன்னொரு அடையாளத்தையும் சேர்ப்பது சுலபம். புக் ஆன இருக்கையில் குறுக்குக் கோடு, பெண்கள் இருக்கையில் ஒரு சின்னம், காலி இருக்கையில் விலை. நிறம் அப்படியே இருக்கலாம். டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டு நெறியில் 1.4.1 என்ற விதி கேட்பதும் இதையேதான்.

இங்கே தெரியும் படம் ஒரு கணக்குதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குரோம் பயன்படுத்துவது மச்சாடோ என்பவரும் அவருடைய சகாக்களும் 2009இல் கொடுத்த கணித அணிகள் (மேட்ரிக்ஸ்). நிஜத்தில் நிறைய பேருக்கு நிற உணர்வு முழுவதும் போயிருக்காது, குறைந்திருக்கும், அதனால் நீங்கள் பார்ப்பது ஒரு ஓரத்து எல்லை. உங்களுக்கே நிறக்குறைபாடு இருந்தால் இந்தப் படம் உங்களுக்குச் சரியாக வராது, வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: மங்கவைத்துப் பாருங்கள்

அதே பட்டியலில் பிளர்ட் விஷன், ரெட்யூஸ்ட் கான்ட்ராஸ்ட் என்று இரண்டு இருக்கின்றன. இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை என்பதை யோசித்தால், நம் பயனர்களுக்கு நிறச் சோதனையைவிட இது முக்கியம் என்றே சொல்வேன்.

மங்கலில் தமிழ்ப் பக்கத்தை ஓட்டிப் பாருங்கள், ஆங்கிலத்தில் தெரியாத பிரச்சினையெல்லாம் வெளியே வரும். முதலில் மறைவது புள்ளி. "கல்" "கல" ஆகிவிடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகி "பெறு"வும் "பேறு"வும் குழம்பும். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்த அந்தச் சுழிகள் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். 14 பிக்சல் ஆங்கில எழுத்து தாக்குப்பிடிக்கும் இடத்தில் 14 பிக்சல் தமிழ் எழுத்து தாக்குப்பிடிக்காது, ஏனென்றால் நம் எழுத்துக்குள் கோடுகள் நெருக்கம், மேலும் கீழும் விரியவும் வேண்டும். எங்கள் ஆப்பில் தமிழுக்கு மட்டும் எழுத்தளவை இரண்டு பிக்சல் கூட்டி, வரி உயரத்தையும் அதிகமாக்கினோம். டிசைனர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. மங்கல் ஆப்ஷனைப் போட்டு அவரிடம் ஊர்ப் பெயர்களை வாசிக்கச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

கான்ட்ராஸ்ட்டுக்கு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்துக்கு, கண்ணை நம்ப வேண்டாம், எண் இருக்கிறது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கும் பட்டன் ஓரம், ஐகான் போன்றவற்றுக்கும் 3க்கு 1. டெவ்டூல்ஸில் தேர்வு அம்புக்குறியை எடுத்து ஏதாவது எழுத்தின் மேல் வைத்தால் அந்த விகிதத்தை அங்கேயே காட்டும். வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பலுக்கு 4.48 வரும், மயிரிழையில் தோல்வி, 767676க்கு 4.54 வரும், தேர்ச்சி. பெட்டிக்குள் குறிப்பு எழுதுவதற்கு எல்லோரும் போடும் 999999க்கு 2.85தான். பெட்டிக்குள் "பயணத் தேதி" என்று அந்தச் சாம்பலில் எழுதிவிட்டு மேலே லேபிள் போடாமல் விட்டிருந்தால், கண்புரை உள்ளவருக்கு அது வெற்றுப் பெட்டி.

போன் ஆப் என்றால் இன்னொரு வழி. பவர் இல்லாத பழைய கண்ணாடி ஒன்றை எடுத்து, மங்கலான செல்லோடேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி மாட்டிக்கொண்டு, நேராக டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்று போனைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி முழுவதும் ஒளி சிதறி எழுத்தைத் தின்றுவிடும். இந்தக் கூச்சத்தை டெவ்டூல்ஸ் காட்டாது. மதியம் 12 மணிக்கு மொட்டை மாடியில் போய்ப் பார்ப்பதும் பயனுள்ளதுதான், அதற்குக் கண்ணாடியே தேவையில்லை.

படி 4: பெரிதாக்குங்கள்

குறைந்த பார்வை உள்ள நிறைய பேர் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் வைப்பதில்லை, பெரிதாக்கித்தான் படிக்கிறார்கள். 1280 பிக்சல் அகலத் திரையில் பிரௌசரை 400 சதவீதத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் பக்கத்துக்கு இப்போது 320 பிக்சல் அகலம்தான். பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிகிறதா? மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் மெனுவும் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும் விலைப்பட்டையும் சேர்ந்து பாதித் திரையைப் பிடித்துக்கொண்டால், நடுவில் ஒரு வரிதான் மிஞ்சும். மொபைல் பக்கத்தில் வியூபோர்ட் மெட்டாவில் யூசர் ஸ்கேலபிள் நோ என்று யாராவது போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் விண்டோஸ் விசையையும் பிளஸ் விசையையும் சேர்த்து அழுத்தி மேக்னிஃபையரைத் திறந்து, முழுத்திரை முறையில் நான்கு மடங்கு வைத்து அதே டிக்கெட்டைப் போடுங்கள். நான்கு மடங்கு என்றால் ஒரு நேரத்தில் திரையில் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே தெரியும். நான் இடது கீழ் மூலையில் இருக்கையைத் தொட்டேன், "அதிகபட்சம் 6 இருக்கைகள்" என்ற அறிவிப்பு வலது மேல் மூலையில் மூன்று நொடி வந்து போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை, ஆப் உறைந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தை ரீலோட் செய்தேன். அறிவிப்பு, செயல் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வர வேண்டும், தானாக மறையக் கூடாது.

விண்டோஸின் கான்ட்ராஸ்ட் தீமையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்க்ரீன் மூன்றும் சேர்த்து. பின்னணி நிறத்தையெல்லாம் விண்டோஸ் தன் நிறத்தால் மாற்றிவிடும், நிழல்களை எடுத்துவிடும். கீபோர்டில் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் வளையத்தை அவுட்லைனுக்குப் பதில் பாக்ஸ் ஷேடோவால் வரைந்திருந்தால் அது காணாமல் போகும்.

படி 5: பார்வைப் புலம் குறைவது

கண் அழுத்த நோய் என்றால் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கறுப்பு என்று படம் போட்டிருப்பார்கள். அதை நம்பி ஒரு ஓவர்லே எழுத வேண்டாம். 2013இல் ஆப்தால்மாலஜி ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வில், இந்த நோய் உள்ள 50 பேரிடம் பல படங்களைக் காட்டி உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டபோது, கறுப்புக் குழாய் படத்தை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. சில பகுதி மங்கல், சில பகுதி காணவில்லை என்றுதான் சொன்னார்கள். மூளை இடைவெளியை நிரப்பிவிடுவதால், எதைப் பார்க்கவில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. எனவே இந்தப் படிக்குத் தனி மென்பொருள் வேண்டாம், மேக்னிஃபையர் சோதனையே போதும். வேண்டுமானால் ஒரு ஏ4 தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துப் பாருங்கள்: லேபிள் இடது ஓரத்திலும் அதன் பெட்டி வலது ஓரத்திலும் இருக்கும் ஃபார்ம்கள் எவ்வளவு சிரமம் என்று உடனே புரியும்.

படி 6: திரை இல்லாமல்

என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற மாணவர் எழுத ஆரம்பித்தது. திரையை அணைப்பதற்கு முன் அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே பழகுங்கள். பழகாமல் அணைத்தால் நீங்கள் சோதிப்பது உங்கள் பழக்கமின்மையைத்தான், ஆப்பை அல்ல. கண்ட்ரோல் அழுத்தினால் பேச்சு நிற்கும். எச் அடுத்த தலைப்பு, கே அடுத்த இணைப்பு, பி (B) அடுத்த பட்டன், எஃப் அடுத்த ஃபார்ம் பெட்டி. இன்சர்ட்டும் எஃப்7உம் சேர்த்தால் பக்கத்தின் இணைப்புகள், தலைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். இது கைக்கு வந்ததும் செட்டிங்ஸில் ஸ்க்ரீன் கர்ட்டனைப் போடுங்கள், திரை கறுப்பாகிவிடும், கணினி வேலை செய்துகொண்டே இருக்கும்.

இப்போது டிக்கெட் போடுங்கள். என் இருக்கைப் படத்தில் டேப் அழுத்தினேன், ஊர்ப் பெயரிலிருந்து நேராகப் பணம் கட்டும் பட்டனுக்குத் தாவியது. 36 இருக்கையும் வெறும் டிவ், அதில் ஒரு கிளிக் மட்டும். கீபோர்டுக்கு அவை இல்லவே இல்லை. உண்மையான பட்டன்களாக மாற்றியதும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று 36 தடவை வாசித்தது, பெயர் கொடுக்க மறந்திருந்தேன். மூன்றாவது முயற்சியில்தான் "இருக்கை 7, ஜன்னலோரம், காலி, 850 ரூபாய்" என்று வந்தது.

தமிழ்ப் பக்கங்களில் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, எச்டிஎம்எல் டேக்கில் லேங் மதிப்பு தமிழுக்கான டிஏ (ta) என்று இருக்கிறதா? இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும், அல்லது மௌனமாகத் தாண்டிப்போகும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தில் அந்தந்தத் துண்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு, விண்டோஸில் தமிழ் மொழித் தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற பெயரில் இன்னொரு குரலும் கிடைக்கும். இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள், ஸ்க்ரீன் ரீடர் அந்த ஆங்கில எழுத்துக் குப்பையைத்தான் வாசிக்கும். யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

போனிலும் இதைச் செய்யுங்கள், நம் ஊரில் நிறைய பேருக்குக் கணினியே போன்தான். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இருமுறை தட்டினால் தேர்வு. ஓடிபி பெட்டியில் வந்து நின்று கேளுங்கள். அழகுக்காக ஆறு தனித்தனிப் பெட்டி வைத்திருந்தால் "எடிட் பாக்ஸ்" என்று ஆறு தடவை கேட்கும், எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்றே தெரியாது, அதற்குள் நேரம் முடிந்துவிடும். ஒரே பெட்டி போதும்.

படி 7: தினமும் தானாக

குரோமைக் கோட் மூலம் இயக்கும் பப்பெட்டியர் பயன்படுத்துபவர்கள் எமுலேட் விஷன் டெஃபிஷியன்சி என்ற மெத்தடைக் கூப்பிட்டு, மேலே சொன்ன ஒவ்வொரு வகையிலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புல் ரிக்வெஸ்ட்டிலேயே ஒட்டவைக்கலாம். ஆக்ஸ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் கான்ட்ராஸ்ட் எண்ணையும் விட்டுப்போன பெயர்களையும் பிடிக்கும். பச்சைக்கும் சாம்பலுக்கும் அர்த்தம் வேறு என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும்.

படி 8: ஆட்களை அழையுங்கள்

மேலே உள்ளதெல்லாம் முடிந்த பிறகு, பார்வைக் குறைபாடு உள்ளவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுத்து, அதே டிக்கெட்டைப் போடச் சொல்லுங்கள். பட்ஜெட் இல்லை என்று மேலதிகாரி சொன்னால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐயும், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்ன தீர்ப்பையும் எடுத்து வையுங்கள். அந்த வழக்கே, ஆன்லைன் கேஒய்சியில் கண்ணைச் சிமிட்டச் சொல்வது போன்ற படிகளைத் தாண்ட முடியாதவர்கள் தொடுத்ததுதான்.

அவர்களின் சொந்த போனையே கொண்டுவரச் சொல்லுங்கள், அதில் அவர்கள் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும். வேலையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்காதீர்கள், மவுஸைத் தொடாதீர்கள். அவர்கள் சிக்கிக்கொண்டால் உதவ உங்கள் கை துடிக்கும், பொறுத்திருங்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வீடாக இருந்திருந்தால் எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள்?"

எங்களுக்கு முதலில் வந்தவர் ஒரு வங்கி ஊழியர், முழுமையாகப் பார்வை இல்லாதவர். அவர் போன் பேசிய வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, அவர் விரல் நிற்கவே இல்லை. நான்காவது நிமிடத்தில் நிறுத்தினார். இரண்டாவது இருக்கையைச் சேர்த்ததும் கீழே மொத்தத் தொகை மாறுகிறது, அதை ஆப் சொல்லவே இல்லை, எவ்வளவு போகப்போகிறது என்று தெரியாமல் நான் எப்படிப் பணம் கட்டுவது என்று கேட்டார். இரண்டு வாரம் சோதித்திருந்தோம், எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் தொகை எவ்வளவு என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அந்தத் தொகை இருக்கும் இடத்துக்கு ஏரியா லைவ் (aria-live) என்ற ஒரு அட்ரிபியூட் சேர்த்து, பொலைட் என்று மதிப்புக் கொடுத்தோம், இனி தொகை மாறினால் ஸ்க்ரீன் ரீடர் தானாகவே சொல்லும். அன்று மாலையே அவருக்கு புது பில்டை அனுப்பினோம், அவர் அதில் தஞ்சாவூருக்கு இரண்டு டிக்கெட் போட்டார்.